சீயக்காயும் ஸித்ரும்: கல்வராயன் மலை வழியே ஒரு தூய்மை வரலாறு

மனித நாகரிகத்தின் வரலாற்றை அரண்மனைகளையும் போர்க்களங்களையும் கொண்டு எழுதுவதே நெடுங்காலமாக மரபாக இருந்து வந்துள்ளது. ஆயின், ஒரு சமூகம் தன் உடலையும் உடையையும் எதனைக் கொண்டு கழுவியது, அப்பொருள் எங்கிருந்து வந்தது, அதனைச் சேகரித்தவர் யார், அவருக்குக் கிடைத்தது என்ன என்னும் வினாக்களும் வரலாற்றின் வினாக்களே. தூய்மையை வணக்கத்தின் முன் நிபந்தனையாகக் கொண்ட ஒரு சமூகத்திற்கு இவ்வினாக்கள் மேலும் நெருக்கமானவை.

குளியல் பொடி, தலைக்குத் தேய்க்கும் சீயக்காய்த்தூள், பாத்திரம் துலக்கும் பூந்திக்கொட்டைச் சாறு முதலியவற்றை வீட்டிலேயே செய்துகொள்ளும் ஆர்வம் அண்மைக் காலத்தில் நம் குடும்பங்களிலும் பெருகி வருகிறது. இது வரவேற்கத்தக்கதே. எனினும் இதனைப் 'பாட்டி வைத்தியம்' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடும்போது, அப்பொருள்களின் பின்னேயுள்ள நெடிய வரலாறும், அவற்றைக் காட்டிலிருந்து சுமந்து வரும் மக்களும் நம் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றனர். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலையை மையமாகக் கொண்டு அவ்வரலாற்றின் சில பக்கங்களை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீரும் ஸித்ரும்

நபி (ஸல்) அவர்களின் மகளார் மறைந்தபோது, குளிப்பாட்டிய பெண்களுக்கு நபியவர்கள் அளித்த அறிவுரையை உம்மு அதிய்யா (ரலி) அறிவித்துள்ளார்கள். நீராலும் ஸித்ராலும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் கழுவுமாறும், இறுதியில் கற்பூரம் சேர்க்குமாறும் கூறிய அச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. கைஸ் இப்னு ஆஸிம் (ரலி) இஸ்லாத்தைத் தழுவ வந்தபோதும் நீராலும் ஸித்ராலும் குளித்து வருமாறே பணிக்கப்பட்டார். ஆகவே மறைந்தவருக்கு மட்டுமன்றி, வாழ்வோருக்கும் அன்றைய அரபுச் சமூகத்தின் 'சோப்பு' ஸித்ர் இலையே எனலாம்.

ஸித்ர் என்பது நம் நாட்டு இலந்தையின் இனத்தைச் சேர்ந்த மரம். தமிழக முஸ்லிம்கள் ஜனாஸாவைக் குளிப்பாட்ட இலந்தை இலையைப் பயன்படுத்துவது இதன் வழிவந்த வழக்கமே. இலந்தையிலையைக் கசக்கி நீரில் அலசினால் நுரை எழும்பும். அந்நுரைக்குக் காரணம் தாவரங்களில் இயற்கையாக அமைந்துள்ள 'சபோனின்' என்னும் வேதிப்பொருள். அதன் மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். இவ்விருதலைப் பண்பினால் உடலில் ஒட்டிய எண்ணெய்ப் பசையும் அழுக்கும் பிரிந்து நீரோடு செல்கின்றன. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உசிலையின் அரப்பிலும் இதே சபோனின்கள் உள்ளன. அரபுப் பாலைநிலத்தின் ஸித்ரும் கல்வராயன் மலைச்சரிவின் சீயக்காயும் வேறுவேறு தாவரக் குடும்பங்களைச் சேர்ந்தவை. ஆயினும் இரண்டும் ஒரே வேலையை ஒரே முறையில் செய்கின்றன. தொலைவிலிருந்த இரு சமூகங்கள் தத்தம் சூழலில் கிடைத்த தாவரத்தைத் தேர்ந்து ஒரே முடிவை எட்டியிருப்பது மனித அனுபவ அறிவின் ஒருமைக்குத் தக்க சான்றாகும்.

காரமும் ஸாபூனும் ஹலீலஜும்

நுரைக்கும் தாவரங்களைப் பயன்படுத்துவது ஒரு மரபு. எண்ணெயையும் காரத்தையும் கலந்து காய்ச்சிச் சவர்க்காரம் ஆக்குவது மற்றொரு மரபு. இவ்விரண்டாவது மரபு முஸ்லிம் உலகில் பெருவளர்ச்சி கண்டது. உவர்நிலச் செடிகளை எரித்துப் பெற்ற சாம்பலை அரபியர் 'அல்கிலி' என்றனர். ஐரோப்பிய மொழிகளில் காரத்தைக் குறிக்கும் 'அல்கலி' என்னும் சொல் அதிலிருந்து பிறந்ததே. ஆலிவ் எண்ணெயோடு இச்சாம்பலின் காரநீரைச் சேர்த்துக் காய்ச்சிய நாப்லுஸ் நகரச் சவர்க்காரமும், 'ஃகார்' எண்ணெய் எனப்படும் வாசமர எண்ணெயைச் சேர்த்துச் செய்த அலெப்போ நகரச் சவர்க்காரமும் நூற்றாண்டுகளாகப் புகழ்பெற்றவை. போரின் நெருக்கடிக்கு இடையிலும் வாழ்ந்துவரும் இவ்விரு கைவினை மரபுகளையும் யுனெஸ்கோ நிறுவனம் 2024 டிசம்பரில் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

தமிழில் 'சவர்க்காரம்' என்னும் சொல்லே உவர்த்தன்மையைக் குறிக்கும் 'சவர்' என்பதோடு 'காரம்' சேர்ந்து அமைந்தது. சலவைத் தொழிலாளர் உவர்மண்ணைக் கொண்டு துணி வெளுத்த மரபின் எச்சம் அச்சொல்லில் உள்ளது. உருது பேசும் நம் இல்லங்களில் வழங்கும் 'ஸாபூன்' அரபியின் வழியே வந்தது. ஒரே பொருளைக் குறிக்கும் இவ்விரு சொற்களும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் வழங்குவது தமிழகத்தின் பண்பாட்டுச் செழுமையாகும்.

உடல் பேணும் கலையை முஸ்லிம் மருத்துவ அறிஞர் அற்பமாகக் கருதவில்லை. குர்துபாவின் அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவீ (936–1013) முப்பது பகுதிகளாக யாத்த 'அத்தஸ்ரீஃப்' நூலின் பத்தொன்பதாம் பகுதியை அழகு பேணும் மருந்துகளுக்கே ஒதுக்கினார். அலீ இப்னு ரப்பான் அத்தபரீ 850ஆம் ஆண்டளவில் இயற்றிய 'ஃபிர்தவ்ஸுல் ஹிக்மா' நூலில் இந்திய மருத்துவத்திற்கெனத் தனிப்பகுதி உண்டு. கடுக்காய் அரபியில் 'ஹலீலஜ்' ஆயிற்று; தான்றிக்காய் 'பலீலஜ்' ஆயிற்று; நெல்லி 'அம்லஜ்' ஆயிற்று. இம்மூன்றும் சேர்ந்த 'திரிபலா', யூனானி மருத்துவத்தில் 'இத்ரீஃபல்' என வழங்கலாயிற்று. பெயர்களே வணிகத்தின் வழித்தடத்தைக் காட்டுகின்றன. இம்மூன்று காய்களும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் விளைபவை. கல்வராயன் மலை அத்தொடரின் ஒரு பகுதி.

மலையும் மக்களும்

கல்வராயன் மலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2000 அடி முதல் 4000 அடி வரை உயர்ந்த மலைத்தொகுதி. ஒரு பகுதி கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் மற்றொரு பகுதி சேலம் மாவட்டத்திலும் அமைந்துள்ளது. கோமுகி ஆறு இம்மலையில் பிறந்து கச்சிராயபாளையம் அருகே அணையில் தேங்கிச் சமவெளிக்கு இறங்குகிறது. நிர்வாக வரலாற்றில் கள்ளக்குறிச்சி பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகச் செயற்படத் தொடங்கியது. மலைக்கு வெள்ளிமலை தலைமையிடம்.

இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் 'மலையாளி' எனப்படும் பழங்குடியினர். இவர்கள் கேரளத்தவரல்லர், தமிழ் பேசும் மலைவாசிகள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பது இவர்களிடையே வழங்கும் மரபுக் கதை. சாமை, தினை, கேழ்வரகு பயிரிடுவதும் காட்டுப் பொருள் சேகரிப்பதும் இவர்களது வாழ்வின் இரு தூண்களாக இருந்து வந்தன.

இம்மலையின் அரசியல் வரலாறு தனித்தன்மை வாய்ந்தது. 'ஜாகீர்' என்பது பாரசீகச் சொல். முஸ்லிம் ஆட்சியாளரின் நிர்வாக முறையிலிருந்து தென்னாட்டிலும் பரவியது. கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் கீழ் இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சி முடிந்து நாடு விடுதலை பெற்ற பின்னரும் இந்நிலை மாறவில்லை. மக்கள் ஜாகீர்தாருக்கு வரி செலுத்துவதும் ஊதியமின்றி உழைப்பதும் தொடர்ந்தன. 1976இல்தான் அரசு இம்மலையைத் தன் நேரடி நிர்வாகத்திற்குள் கொண்டுவந்தது. நாட்டின் பிற பகுதிகளில் ஜமீன்தாரி ஒழிந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்தே இம்மக்கள் அந்த ஆளுகையிலிருந்து விடுபட்டனர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். சமவெளியின் அங்காடியில் விலை பேசும் வலிமையும், கணக்கைச் சரிபார்க்கும் கல்வியும், விளைந்ததைத் தாமே கொண்டுசெல்லும் சாலையும் அவர்களுக்கு எட்டாதிருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

சீயக்காய் முள் நிறைந்த பெருங்கொடி. உயர்ந்த மரங்களைப் பற்றி ஏறும். காய்கள் முற்றும் காலத்தில் கோடைவெயில் தொடங்கிவிடும். கொக்கியால் இழுத்தும் மரமேறியும் பறித்து, முள்ளைப் பொறுத்து, பாறைமேல் பரப்பி உலர்த்தி, மூட்டையாகக் கட்டித் தலைச்சுமையாக இறக்க வேண்டும். கடுக்காயையோ மரத்தடியில் பொறுக்கித் தரம்பிரித்து உலர்த்த வேண்டும். சரியாக உலராத கடுக்காய் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும், விலை போகாது. பறிப்பதில் மட்டுமன்றி, எம்மரத்தின் காய் எப்போது முற்றும், எவ்வளவு விட்டுவைத்தால் அடுத்த ஆண்டும் காய்க்கும் என்பதிலும் ஓர் அறிவு அடங்கியுள்ளது. அவ்வறிவு எந்த நூலிலும் எழுதப்படாமல் தாயிடமிருந்து மகளுக்கும் தந்தையிடமிருந்து மகனுக்கும் சென்றது.

மனையின் செய்முறை

மலையிலிருந்து இறங்கிய பொருள் நாட்டு மருந்துக் கடையை அடைந்து, அங்கிருந்து வீட்டு முற்றத்திற்கு வருகிறது. 'சிகை' என்னும் கூந்தலுக்குரிய காய் என்பதால் அது சிகைக்காய். பேச்சு வழக்கில் சீயக்காய். முறையாகச் செய்வோர் காயை இரண்டு மூன்று நாள் வெயிலில் நன்கு காயவைப்பர். பச்சைப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு, உலர்ந்த எலுமிச்சைத் தோல், செம்பருத்தி இலை அல்லது பூ ஆகியவற்றை அளவாகச் சேர்ப்பர். மாவரைக்கும் ஆலையில் கொடுத்து அரைத்து, சூடாறிய பின்னரே டப்பாவில் அடைப்பர். சூட்டோடு அடைத்தால் வியர்த்துக் கட்டிபிடிக்கும் என்பது அனுபவம். பயறு சேர்ப்பதன் பயன், காயின் கடுமையைத் தணிப்பதும் எண்ணெயை உறிஞ்சுவதுமாகும். கொங்கு நாட்டிலும் சேலம் வட்டாரத்திலும் உசிலை மரத்தின் இலையைப் பொடித்த 'அரப்பு' இதே இடத்தைப் பெறுகிறது.

பூந்திக்கொட்டையின் பயன் வேறு. விதையை நீக்கி, மேலோட்டை இரவு முழுதும் ஊறவைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் நுரைக்கும் சாறு கிடைக்கும். பட்டுத்துணி அலசவும், பொற்கொல்லர் நகை துலக்கவும் இது பயன்பட்டது. காரத்தன்மையுள்ள சோப்பு பட்டையும் கம்பளியையும் நலியச் செய்யும். இச்சாறு அவ்வாறு செய்வதில்லை. மற்றொரு நன்மையும் உண்டு. சோப்பு உப்புநீரில் நுரைக்காமல் திப்பிதிப்பியாகப் படியும். சபோனின் அவ்வாறு படிவதில்லை. ஆழ்கிணற்று உவர்நீரை நம்பி வாழும் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களில் இத்தாவரங்கள் நிலைபெற்றதற்கு இப்பண்பு பெரிதும் துணைசெய்திருக்கும்.

நலங்கு மாவு என்னும் குளியல் பொடியில் பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், கிச்சிலிக்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ் ஆகியவை சேரும். நலங்கு என்பது தமிழக முஸ்லிம் திருமணங்களிலும் வழங்கிவந்த மங்கலச் சடங்கின் பெயர். மருதாணியும் நலங்கும் நம் பெண்களின் பாடல் மரபோடு பிணைந்தவை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. இயற்கையானது யாவும் தீங்கற்றது என்னும் நம்பிக்கை அறிவுக்கு ஒவ்வாதது. பூந்திச் சாறு கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். குளியல் பொடியில் சிலர் சேர்க்கும் கார்போக அரிசி, தோலை வெயிலுக்கு எளிதில் புண்படச் செய்யும். 'கருப்பு மருதாணி' என விற்கப்படுவனவற்றில் கலக்கப்படும் தலைச்சாயம் தோலைப் புண்ணாக்கியது பல நாடுகளில் பதிவாகியுள்ளது. கண்ணுக்கிடும் சுர்மாவின் பல வகைகளில் காரீயம் உண்டு. குழந்தைகளுக்கு அது நஞ்சு. வீட்டில் செய்த சாற்றில் பதப்படுத்தும் பொருள் இல்லாமையால் இரண்டு மூன்று நாளுக்குமேல் வைத்திருத்தல் ஆகாது. முன்னோர் அன்றன்று தேவைக்கே செய்தனர் என்பதையும் மரபின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.

மனிதத்தோலும் விலங்குத்தோலும்

ஆவாரம்பூ குளியல் பொடிக்குச் சென்றது. ஆவாரம்பட்டை தோல் தொழிலுக்குச் சென்றது. கடுக்காயும் அவ்வாறே. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, திண்டுக்கல் ஆகிய ஊர்களில் முஸ்லிம் வணிகர் வளர்த்த தோல் பதனிடும் தொழில் தொடக்கத்தில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் நம்பியே நின்றது. பட்டையிலும் காயிலும் உள்ள துவர்ப்பொருளே விலங்குத் தோலை அழுகாமல் காத்தது. ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் ஐரோப்பாவிற்கு ஏற்றுமதி செய்து நம் சமூகத்தில் செல்வமும் கல்வி நிறுவனங்களும் வளர்ந்த வரலாற்றில், பெயரறியாத மலைவாசிகள் பொறுக்கிய காய்க்கும் உரிய இடம் உண்டு.

1903இல் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோமியத்தால் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். பின்னர் ஆப்பிரிக்காவின் வாட்டில் பட்டையும் வந்தது. ஆவாரம் பின்தள்ளப்பட்டது. குரோமியக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததன் விளைவாக எழுந்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை உச்ச நீதிமன்றம் 1996இல் நிலைநாட்டியது. ஒரு பொருளை விட்டு மற்றொன்றுக்கு மாறும்போது அதன் விலையை யார் செலுத்துகிறார் என்னும் வினா அப்போது வழக்குமன்றத்தில் எழுந்தது. அதே வினாவைக் குளியலறையிலும் எழுப்பலாம்.

சம்பியிலிருந்து ஷாம்புப் பை வரை

'ஷாம்பு' என்னும் சொல், பிசைந்து அமுக்கிவிடுதலைக் குறிக்கும் ஹிந்துஸ்தானிச் சொல்லிலிருந்து பிறந்தது. அதனை இங்கிலாந்தில் பரப்பியவர் 1759இல் பாட்னாவில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஷேக் தீன் முஹம்மத். 1794இல் தம் பயண நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1810இல் லண்டனில் இந்திய உணவகம் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் பிரைட்டன் நகரில் மூலிகை நீராவிக் குளியலும் உடல் பிடிப்பும் அளிக்கும் நிலையம் நடத்தி, நான்காம் ஜார்ஜ் மன்னரின் ஆதரவையும் பெற்றார். நம் நாட்டின் எண்ணெய்க் குளியல் மரபு ஐரோப்பாவில் மருத்துவமாக மதிக்கப்பட்ட காலம் அது.

ஆயின் நூற்றாண்டின் இறுதியில் ஓட்டம் எதிர்த்திசைக்குத் திரும்பியது. 1888இல் லீவர் நிறுவனத்தின் சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கின. ஐரோப்பிய சோப்புகள் பலவற்றில் விலங்குக் கொழுப்பு கலந்திருந்தமை முஸ்லிம்களுக்கும் ஹிந்துக்களுக்கும் ஒருங்கே மனக்குறையை விளைத்தது. இதற்கு மாற்றாக உள்நாட்டு முயற்சிகள் எழுந்தன. 1914இல் மதராஸ் மாகாண மீன்வளத்துறையில் ஃபிரடெரிக் நிக்கல்சன் மலபார்க் கரையில் சோப்புத் தயாரிப்பைத் தொடங்கினார். 1916இல் மைசூர் அரசு, உலகப் போரால் ஏற்றுமதி தடைப்பட்ட சந்தனத்தைப் பயன்படுத்தும் பொருட்டு பெங்களூரில் சோப்புத் தொழிற்சாலை அமைத்தது. போரை அடுத்த ஆண்டுகளில் கோத்ரெஜ் நிறுவனம் தாவர எண்ணெயாலேயே ஆன சோப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

தலைக்குளியலின் வரலாற்றில் அடுத்த திருப்பம் கள்ளக்குறிச்சி அன்று சேர்ந்திருந்த தென்னார்க்காடு மாவட்டத்திலேயே நிகழ்ந்தது. மாவட்டத் தலைநகரான கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன், திரவப் பொருள்களைச் சிறு பைகளில் அடைத்து ஏழை எளியவரும் வாங்கும் விலைக்கு விற்கும் கருத்தை உருவாக்கினார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய நிறுவனத்தின் 'சிக்' ஷாம்புப் பை கிராமக் கடைகளெங்கும் தொங்கியது. அதே நிறுவனம் பின்னர் 'மீரா' என்னும் பெயரில் சீயக்காய்த்தூளையும் விற்றது. கூலித் தொழிலாளியின் குடும்பத்திற்கும் தலைகுளிக்கும் வசதியை இப்பை எளிதாக்கியது; இதனை மறுக்கலாகாது. ஆயின் ஆலையில் அரைக்கும் வழக்கம் குறைந்தது. கோமுகிக் கால்வாயிலும் மலைப்பாதையிலும் மக்காத பிளாஸ்டிக் பைகள் சேர்ந்தன. சீயக்காய் விளையும் மலையடிவாரப் பெட்டிக்கடையிலேயே ஷாம்புப் பை தொங்குவது இக்காலத்தின் முரண்.

சந்தனமும் கடுக்காயும் சுமந்த பழி

அழகுப் பொருள்களின் வரலாற்றில் மறைக்கக் கூடாத பக்கங்கள் உள்ளன. கல்வராயனுக்கு அண்மையிலுள்ள சித்தேரி மலையின் அடிவாரத்தில் வாச்சாத்தி என்னும் மலையாளிப் பழங்குடிக் கிராமம் உள்ளது. 1992 ஜூன் 20 அன்று கடத்தல் சந்தனக்கட்டையைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அவ்வூரில் புகுந்தனர். வீடுகள் சிதைக்கப்பட்டன, மக்கள் தாக்கப்பட்டனர், 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் வழக்கு நடந்த காலத்தில் இறந்த 54 பேர் நீங்கலாக, எஞ்சிய 215 பேரும் 2011இல் தண்டிக்கப்பட்டனர். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. நீதி கிடைக்க 31 ஆண்டுகள் ஆயின. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றதாகச் சுட்டுக் கொல்லப்பட்ட தமிழகத் தொழிலாளர் 20 பேரிலும் மலைவாசிகள் பலர். சந்தனமும் செம்மரமும் நறுமணத்திற்கும் மேனிக்குமான பொருள்கள். அவற்றின் இலாபம் தொலைவிலிருந்த கடத்தல் தலைவர்களுக்குச் சென்றது. பழியும் குண்டும் மலைவாசிகளுக்கு வந்தன.

கடுக்காயின் கதையும் வருந்தத்தக்கது. மருந்தாகவும் சாயமாகவும் பதனிடும் பொருளாகவும் பயன்பட வேண்டிய கடுக்காய், வெல்லத்தோடு சேர்ந்து கல்வராயன் மலையின் கள்ளச்சாராய ஊறல்களில் இடம்பெற்றது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நஞ்சு தொழிற்சாலை வேதிப்பொருள், மலைக்காய் அன்று. ஆயினும் அத்துயரையடுத்து 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்து, சாலை, போக்குவரத்து, மருத்துவம் முதலிய அடிப்படை வசதிகள் குறித்து அரசிடம் வினவியது. மதுவைத் தீமைகளின் தாயாகக் கருதும் நமக்கு இங்கே கண்டிப்போடு சிந்தனையும் கடமையாகிறது. நேர்வழி உழைப்புக்கு நியாயமான விலை கிடைக்கும் இடத்தில் தவறான தொழிலின் கவர்ச்சி குறையும்.

நிறையும் உரிமையும்

நெடுங்காலம் சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமை ஏலத்தில் ஒப்பந்தக்காரருக்கு விடப்பட்டது. காட்டில் பிறந்தவர் காட்டின் காய்க்குக் கூலியாளானார். மலைவாழ் மக்களின் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இந்நிலையை ஓரளவு மாற்ற முயன்றன. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே சிறு வனப்பொருள்களின் மீது உடைமையுரிமையை அம்மக்களுக்கு வழங்கியது. தமிழகத்தில் 2008இல் இடப்பட்ட நீதிமன்ற இடைக்கால ஆணையால் உரிமைப் பட்டங்கள் வழங்குதல் தடைப்பட்டு, 2016இல் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கிய பின்னரே வழி திறந்தது. கடுக்காய், புளி, தேன், புங்கவிதை முதலியவற்றுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அளிக்கும் மத்திய அரசின் திட்டம் 2013–14இல் தொடங்கியது. மூலப்பொருளாக விற்காமல் பழங்குடியினரே பதப்படுத்தி விற்க உதவும் 'வன் தன்' மையங்கள் 2018இல் அறிமுகமாயின. சட்டமும் திட்டமும் உள்ளன. வணிகரின் தராசு நேராக நிற்கிறதா என்பதே எஞ்சிய வினா.

அறிவின் உரிமையும் இதனோடு சேர்ந்தது. மஞ்சளின் புண்ணாற்றும் தன்மைக்கு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை, இந்திய அறிவியல் தொழில்துறை ஆராய்ச்சி மன்றத்தின் முறையீட்டால் 1997இல் நீக்கப்பட்டது. அந்த அனுபவத்திலிருந்தே 2001இல் மரபறிவு மின்னூலகம் தொடங்கப்பட்டது. ஆயுர்வேத, சித்த நூல்களோடு அரபி, பாரசீக, உருது மொழிகளிலுள்ள யூனானி நூல்களும் அதில் தொகுக்கப்பட்டுள்ளன. நூலில் உள்ள அறிவுக்கு இவ்வாறு காப்பு கிடைத்தது. நூலேறாத மலைமக்களின் அறிவுக்கோ, அதனை மதித்து உரிய பங்கை அளிக்கும் வாங்குவோரின் நேர்மையே முதற்காப்பு.

அல்குர்ஆனின் எண்பத்து மூன்றாம் அத்தியாயம், தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாகப் பெற்று, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்போரைப் பற்றிய கடும் எச்சரிக்கையோடு தொடங்குகிறது. ஷுஐப் (அலை) அவர்களின் சமுதாயம் அழிந்ததற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று அளவையிலும் நிறையிலும் செய்த மோசடி. நம் ஃபிக்ஹு நூல்கள் நீரின் தூய்மையை மிக நுணுக்கமாக ஆராய்கின்றன. அபகரிக்கப்பட்ட நீரால் உளூச் செய்வது கூடுமா என்னும் வினாவையும் அவை எழுப்பியுள்ளன. நீரின் நிறமும் மணமும் சுவையும் மட்டுமன்றி, அது வந்த வழியும் தூய்மையைப் பற்றிய ஆய்வுக்கு உரியது என்பதை நம் அறிஞர் உணர்ந்திருந்தனர்.

இக்கண்ணோட்டத்தை வீட்டுச் சீயக்காய் டப்பாவிற்கும் நீட்டிக்கலாம். 'இயற்கையானது' என்னும் சொல் பொருளின் தன்மையை மட்டுமே கூறும்; அது கைமாறிய வழியைக் கூறாது. வீட்டில் அரைக்கும் குடும்பம், இயன்றவரை பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கம் அல்லது மகளிர் குழுவிடமிருந்து நேரே வாங்கலாம். ஊர் ஜமாஅத்தும் மகளிர் அமைப்பும் ஆண்டுத் தேவையைச் சேர்த்துக் கணக்கிட்டு மொத்தமாக வாங்கினால், பறித்தவருக்கும் பயன்படுத்துவோருக்கும் இடையிலுள்ள கைகள் குறையும். விலையின் பெரும்பங்கு மலையேறும். இது தருமமன்று, வாங்கும் பொருளுக்குச் செலுத்த வேண்டிய நியாயமான விலை.

முள்ளில் கீறிய கையால் பறிக்கப்பட்ட காயே நம் கூந்தலைத் தூய்மையாக்குகிறது. அந்தக் கைக்குரிய கூலி குறைவின்றிச் சென்றடைந்த பின்னரே அத்தூய்மை முழுமை பெறும்.